ஆடு செத்தால் 4,000 ரூபாய். வறட்சியில் பாதி விலைக்கு விற்றால்?

வடமதுரை பக்கம் ஆடு என்பது ஏடிஎம் கார்டு மாதிரி. மகன் நூற்பாலைக்குப் போவான், அம்மா நாலு ஆடு வளர்ப்பார். பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு ஒன்றை ஓட்டிப்போவார்கள். அந்த ஆடு புயலிலோ வெள்ளத்திலோ செத்துப்போனால் அரசு என்ன தரும்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட விதிமுறைப்படி கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு மாட்டுக்கான தொகையை 30,000-லிருந்தும், ஆட்டுக்கான தொகையை 3,000-லிருந்தும் உயர்த்தியது இந்த அளவுக்குத்தான்.

ஆனால் ஒரு குடும்பத்துக்கு மூன்று கறவை மாடு அல்லது 30 ஆடு வரைதான் கணக்கு. 60 ஆடு போனாலும் 30-க்குத்தான் காசு. நன்றாக வளர்ந்த ஆட்டை இன்று எந்தச் சந்தையிலும் 4,000-க்கு வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2018-ல் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் கரையேறி திண்டுக்கல் வரை வந்தது உண்மைதான். என்றாலும் வடமதுரையின் வழக்கமான எதிரி வறட்சி. வறட்சி ஒரே ராத்திரியில் ஆட்டைக் கொல்லாது. மேய்ச்சல் காயும், வைக்கோல் விலை ஏறும், ஆடு இளைக்கும். சாகும்வரை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்; கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை இன்னும் விழும். அந்த நஷ்டத்துக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்று கிடையாது. அதனால் நிவாரணமும் கிடையாது.

வறட்சிக் காலத் தீவன முகாமுக்கு விதியில் இடம் உண்டு: பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45. ஆனால் முதலில் வறட்சி என்று அரசு அறிவிக்க வேண்டும். தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10-ல்தான் வந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே! தீவனம் தாமதமாக வந்து என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் செத்த கால்நடைக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் தருகிறார்கள். மேய்ச்சல் நிலம் வறட்சியில் காய்ந்தாலே பணம் தரத் தனித் திட்டமும் இருக்கிறது. அந்தத் தொகையை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆடு சாவதற்கு முன்பே கைகொடுக்கும் அந்த யோசனையைத் தமிழகம் எடுத்துக்கொள்ளலாம். விதி மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளுக்காகக் காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் ரோட்டில் இறங்கிப் போராடினார்கள். நாய்க்கடி எந்தப் பேரிடர் பட்டியலிலும் இல்லை. இருந்தும் 2025-ல் அரசு நிவாரணம் அறிவித்தது.

அதுவரை வீட்டில் ஆடு மாடு இருப்பவர்கள் இரண்டு விஷயம் செய்யலாம். பேரிடரில் கால்நடை செத்தால் உடனே புதைக்காமல் விஏஓ-வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொன்று காப்பீடு: 2024 பிப்ரவரியில் மத்திய அரசு எடுத்த முடிவின்படி பிரீமியத்தில் 15 சதவீதம்தான் வளர்ப்பவர் பங்கு. காதில் அடையாள வில்லை மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.