அப்பாவின் மாத்திரை டப்பா

சென்ற ஞாயிறு அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரைகள் தொடப்படாமல் கிடந்தன. பக்கத்தில் புதிதாக ஒரு வைட்டமின் ஈ பாட்டில்.

“இது போதும்யா. கொழுப்பு துருப்பிடிக்காமப் பார்த்துக்கும். பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி” என்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

அப்பா சொன்னதில் பாதி சரி. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்பவை எல்டிஎல் துகள்கள். அவை இரத்தக்குழாய்ச் சுவருக்குள் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைந்தால், வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி உப்பிவிடும். அடைப்புக்கு இது முக்கியக் காரணம் என்று 1989-இல் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினர் எழுதினார்கள்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். இந்தத் ‘துரு’ ஒரே வழியில் வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்டிஎல்லுடன் செம்பு அயனிகளைச் சேர்த்தால், கொழுப்பு தொடர்வினையாகக் கெட்டு, கொலஸ்ட்ராலின் ஒரு பகுதி 7-கீட்டோகொலஸ்ட்ராலாக மாறும். நம் வெள்ளணுக்களோ கிருமிகளைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன. துணி வெளுக்கும் பிளீச்சின் நெருங்கிய உறவு அது! அந்த அமிலம் பெரும்பாலும் தாக்குவது எல்டிஎல்லின் புரதத்தை. வைட்டமின் ஈ தொடர்வினையை அறுக்கக்கூடியது. அமிலத்தின் தாக்குதலை அதனால் தடுக்க முடிவதில்லை.

“மழைக்குத் தாங்குற பெயிண்ட், கல்லடிக்குத் தாங்குமாப்பா?” என்று கேட்டேன். அப்பா பேசவில்லை.

2000-இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள 9,000-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. நாலரை ஆண்டுகள் கழித்தும் மாரடைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஸ்டேட்டின் செய்யும் வேலை வேறு. துருப்பிடிக்கக்கூடிய எல்டிஎல்லின் அளவையே அது குறைக்கிறது. அதனால் மாரடைப்பும் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. சிகரெட்டை விடுவதும் அப்படித்தான். துருவைக் கிளப்பும் புகையே உள்ளே போகாது.

ஸ்டேட்டினை ஏன் நிறுத்தினார் என்று பிறகுதான் மெல்லச் சொன்னார்: கால் வலி. அதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் அளவையோ மருந்தையோ மாற்றியிருப்பார். வரும் செவ்வாய் கிளினிக்குக்கு நானே அழைத்துப் போகிறேன்.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவையும் இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். எது தீரவில்லை என்று பாருங்கள். ஏன் என்று அன்பாகக் கேளுங்கள்.