எழுத்து ஒன்று! எண் இரண்டு!

கதவு தட்டப்படுகிறது. "கேஸ்!" என்று குரல் கேட்கிறது. தோளிலே சுமந்து வந்த சிலிண்டரைத் தோழர் ஒருவர் வாசலிலே இறக்கி வைக்கிறார். கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்கிறோம். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். மீதிச் சில்லறையை இரண்டு முறை சரிபார்க்கிறோம். பிறகு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் அடுப்படியிலே நிறுத்திவிடுகிறோம். ஐந்து ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடும் நமது கண், அந்த இரும்புக் கலத்தின் கழுத்தோரம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்ததா? பார்க்கவில்லை! பெண் பார்க்க நாள் பார்க்கிறோம், பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். அந்தப் பாலைக் காய்ச்சுகிற சிலிண்டருக்கு நாள் பார்த்தோமா?

பார்க்க வேண்டும் என்கிறோம். பார்ப்பதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை, தோழர்களே! சிலிண்டரின் தலையிலே வளையம் இருக்கிறதல்லவா? அந்த வளையத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான தகடுகளின் உட்புறத்தைப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். எழுத்து நான்கே நான்குதான். ஏ என்றால் மார்ச். பி என்றால் ஜூன். சி என்றால் செப்டம்பர். டி என்றால் டிசம்பர். எண், ஆண்டைக் காட்டுவது. 'பி 29' என்று இருந்தால், 2029ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவுக்குள் அந்தச் சிலிண்டர் சோதனைக்குப் போயாக வேண்டும் என்று பொருள். பக்கத்திலே புள்ளி வைத்த எண் ஒன்று இருக்கும். அது வெற்றுச் சிலிண்டரின் எடை. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"உள்ளே இருக்கும் கேஸ் கெட்டுப்போகும் நாளா அது?" என்று கேட்பவர் உண்டு. அல்ல! கேஸ், மோரா புளித்துப்போக? "சிலிண்டர் செய்த நாளோ?" என்பாரும் உண்டு. அதுவும் அல்ல. அந்தக் கலத்தின் உடல்நிலையை மீண்டும் சோதிக்க வேண்டிய கெடு அது.

இரும்புக்கு எதற்குச் சோதனை? உழைத்த உடல் தேய்வதைப்போல உழைத்த இரும்பும் தேய்கிறது. லாரியிலே ஏறுகிறது, தெருவிலே உருள்கிறது, படியிலே இடிபடுகிறது, ஈரத் தரையிலே நின்று நின்று அடிவளையம் துருவேறுகிறது. ஆகவேதான் புதுச் சிலிண்டருக்கு முதற் சோதனை 10 ஆண்டிலே, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி வகுத்திருக்கிறார்கள். காலியாக்கி, நீர் நிரப்பி, கடும் அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். தாங்கினால் புதிய கெடுவை எழுதி அனுப்புகிறார்கள், தாங்காவிட்டால் தள்ளிவிடுகிறார்கள். விதி நல்ல விதிதான். ஆனால் ஏட்டிலே இருக்கும் விதி வீட்டுக்குள் வருவது எப்போது? நீங்கள் கேட்கும்போது!

1965ஆம் ஆண்டு கல்கத்தாவிலே இண்டேன் தனது முதல் இணைப்பைக் கொடுத்தது. அந்நாளிலே அது வசதி படைத்தோரின் வாழ்வுக்கு அடையாளம். இன்று நெசவாளியின் வீட்டிலும் மூட்டை தூக்கும் தொழிலாளியின் வீட்டிலும் அதே நீலச்சுடர் எரிகிறது. சுடர் குடிசைக்கு வந்தது போதாது. அந்தச் சுடருக்குரிய பாதுகாப்பும் வந்து சேரவேண்டாமா?

ஆகவே, சீலை உடைக்குமுன் தகட்டைப் பாருங்கள். கெடு கடந்திருந்தால், "வேறு கொடுங்கள்" என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், அது உரிமை! கொண்டுவந்த தோழரிடம் சீற வேண்டாம். அவரும் நம்மைப்போல் கூலிக்குச் சுமப்பவர், நிரப்பியவர் அல்லர். கேட்க வேண்டிய இடம் ஏஜென்சி. அங்கே செவி சாய்க்காவிட்டால் கம்பெனியின் புகார் எண் இருக்கிறது. கெடு கடந்த சிலிண்டர் இப்போதே அடுப்படியில் இருந்தால், இன்றிரவே வெடித்துவிடும் என்று பதற வேண்டாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடவும் வேண்டாம். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து, அறை எடுத்துத் தங்கிச் சமைத்துண்ணும் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். சந்துக் கடையிலே திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் குட்டிச் சிலிண்டருக்குக் கெடுவும் இல்லை, சோதனையும் இல்லை, கேட்பாரும் இல்லை. முகவரிச் சான்று இல்லாதவருக்கும் 5 கிலோ சிலிண்டரைக் கம்பெனிகளே விற்கின்றன. அதை வாங்குங்கள்.

கெடு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். வெடித்த ரப்பர் குழாயும், தேய்ந்த வாஷரும், மூட மறந்த ரெகுலேட்டரும் சோதித்த சிலிண்டரையும் பகையாக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே படிந்து கிடக்கும். நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

விபத்து நடந்த பிறகு, "எல்லாம் தலைவிதி" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. தலையிலே எழுதியிருப்பதாகச் சொல்லும் எழுத்தை யாரும் கண்டதில்லை. தகட்டிலே எழுதியிருக்கும் எழுத்தோ கண்ணெதிரே இருக்கிறது. காணாத எழுத்தை நொந்து என்ன பயன்? காணும் எழுத்தைப் படியுங்கள்! இன்றிரவே, உங்கள் வீட்டு அடுப்படியிலே!