எது கேள்வி, எது தூண்டில்?

'ட்ரோல்' என்ற சொல் இன்று தமிழில் கேலி, வசை, எதிர்ப்பு, விடாப்பிடியான கேள்வி ஆகிய நான்கையும் ஒன்றாகக் குறிக்கிறது. இந்தக் குழப்பத்தால் இழப்பு யாருக்கு என்பதை அறிய எண்ணூரைப் பார்த்தால் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படர்ந்தது. முகத்துவாரக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் வலைகளும் படகுகளும் கறுத்தன. மீனவர்களே வாளியும் குவளையுமாக எண்ணெயை அள்ளினார்கள். தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

இந்த 12,500 ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத் தொழில் இழப்பு என்று கொண்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 417 ரூபாய்தான் வருகிறது. வலையும் இயந்திரமும் பாழானது தனி. விடை வராததால் அதே கேள்வியைப் பத்து முறை, கோபத்தோடும் கேட்கிறார். அவரை 'ட்ரோல்' என்று ஒதுக்குவது எளிது. ஆனால், கணக்கைக் காட்டினால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 'உங்களுக்குப் பணம் கொடுப்பது யார்?', 'வளர்ச்சி பிடிக்காவிட்டால் வேறு இடம் போவதுதானே?' என்று குப்பத்து மக்களைப் பார்த்துக் கேட்பவரோ எந்த விடையையும் எதிர்பார்க்கவில்லை. விடை சொன்னால் இன்னொரு குற்றச்சாட்டை எடுப்பார். எதிராளி நிதானம் இழப்பதே அவருக்கு வேண்டியது.

இந்தச் சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. ஓடும் படகின் பின்னே இரை கோத்த தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ட்ரோலிங்' என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் யூஸ்நெட் விவாதக் குழுக்களில், புதியவர்களைச் சிக்கவைக்க வேண்டுமென்றே அசட்டுக் கேள்வி போடுவதற்கு அந்தப் பெயர் பரவியது. நார்டிக் நாட்டார் கதைகளின் பூதம் பிற்பாடு அதோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே, பார்க்க வேண்டியது சொல்லின் கடுமையை அல்ல, அதில் இரை இருக்கிறதா என்பதை. மிக மரியாதையான மொழியிலும் தூண்டில் போடலாம். ஆதாரம் காட்டக் காட்ட, இன்னும் ஆதாரம் வேண்டும் என்று பணிவோடு கேட்டு எதிராளியைக் களைப்படையச் செய்யும் வித்தை பலருக்கும் கைவந்திருக்கிறது.

கடுமையை அளவுகோலாக வைத்தால் என்ன நேரும் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் பார்த்தோம். எரிச்சல், அசௌகரியம் தருவதைக்கூட அது குற்றமாக்கியது. 2012 அக்டோபரில் புதுச்சேரித் தொழில்முனைவோர் ஒருவர், ஓர் அரசியல் தலைவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக அதன்கீழ் கைதானார். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. யாருக்கு எரிச்சல் என்பதை அதிகாரம் உள்ளவரே தீர்மானிக்கும் நிலை அங்கே இருந்தது.

'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. தீர்வை விதிக்கப்படாத பொது நிலத்தின் பெயர், பேச்சு வழக்கில் வசையாகிவிட்டது. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூரில் படமாக்கப்பட்டது. அந்த வசைக்கு அதன் பழைய பொருளை மீட்டுக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் விமான நிலைய ஆணையம் நடத்தவிருந்த அவருடைய கச்சேரி, சமூக ஊடகத் தாக்குதலுக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. பாடலில் கோபம் இருந்தது. அதற்கு எதிர்வாதம் சொல்லவும் இடமிருந்தது. கச்சேரியைக் குலைத்த கூட்டத்துக்கு வாதமே தேவைப்படவில்லை.

பொதுவளம் அழிந்தே தீரும் என்று 1968-இல் எழுதிய கேரட் ஹார்டினின் மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமின் ஆய்வுகளோ, பேச வாய்ப்புக் கிடைத்தால் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்கிறார்கள் என்று காட்டின. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிரும் 'பாடு' அப்படிப்பட்ட ஏற்பாடுதான். (அதற்குள் சிலரை விலக்கிவைப்பதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.) பேச்சு நின்றுபோனால் நாம் ஹார்டினின் நிலத்துக்குத் திரும்பிவிடுவோம். தூண்டில் போடுபவர் செய்யும் சேதம் அதுதான். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். கழிவை ஆற்றில் விடும் ஆலையைப் போல, அவர் ஆதாயத்தை வைத்துக்கொண்டு செலவைப் பிறர் தலையில் கட்டுகிறார்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழும் கேள்விகளையும் திட்ட நிறுவனத்தின் பதில்களையும் உள்ளூர் மொழியில் பதிவு செய்யச் சொல்கிறது. கூட்ட நடவடிக்கைகளை முடிவில் மக்கள் முன் படித்துக் காட்டவும் வேண்டும். கேட்பவரின் குரல் உயர்ந்திருந்ததா என்பதைக் குறிக்க அதில் கட்டம் ஏதும் இல்லை, பதிலுக்கு உண்டு. எண்ணூரில் அடுத்த கூட்டம் நடக்கும்போது, 'கூச்சல் போட்டார்கள்' என்ற செய்தியோடு நின்றுவிடாமல், அந்தப் பதில் பகுதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நாளிதழ்கள் வெளியிடலாம்.