கடைசிப் பக்கம் இல்லாத பத்திரிகை

2019 ஏப்ரல் 22, திங்கட்கிழமை இரவு. கொட்டாஞ்சேனையில் ஊரடங்கு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அன்று பிற்பகல் திருத்தலத்துக்கு அருகே நின்ற வாகனமொன்றிலிருந்த குண்டும், செயலிழக்கச் செய்ய முற்பட்டபோது வெடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு உறக்கமின்றிப் படுத்திருந்தோம். தொலைபேசி மணி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து அக்கா.

"தம்பி, பைப்பிலை வாற தண்ணியைக் குடிக்காதை. நஞ்சு கலந்திட்டாங்களாம்."

எங்கள் வீட்டுக் குழாய் நீரைப் பற்றிய செய்தி, பூமியின் மறுபக்கம் போய்த் திரும்பி எங்களிடமே வந்து சேர்ந்திருந்தது. பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையே முடக்கிவிட்டது. வதந்தி அதற்காக நின்றுவிடவில்லை. வேறு வழியாக வந்தது. அக்காவுக்குச் சமாதானம் சொன்னேன். செய்தியைச் சரிபார்ப்பதே என் தொழில் என்று சற்றுப் பெருமையாகவும் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், கேத்தலில் இருந்த நீரைச் சத்தமின்றிக் கொட்டினேன். இதை என் மனைவியிடம் சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

தகவல் பெருக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை நேர விரயம் என்றும் கண்ணுக்குக் கேடு என்றும் எழுதுகிறார்கள். அவை உண்மைதான். ஆயினும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: மிதமிஞ்சிய தகவல் முதலில் பறிப்பது, நம்பத்தக்கதை நம்பும் ஆற்றலை.

அந்த உயிர்த்த ஞாயிறையே எடுத்துக்கொள்வோம். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற தகவல் இல்லாமற் போகவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை கிடைத்திருந்தது. 11ஆம் திகதி அது பொலிஸ் கடிதமாகவும் உருப்பெற்றது. அந்தக் கடிதத்தைப் பொதுமக்கள் பார்த்தது, இறந்தவர்களை எண்ணத் தொடங்கிய பின்னர், சமூக ஊடகங்களில். தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பில் கிடந்த ஒரு தாள் உரிய நேரத்தில் உரிய கைக்குப் போய், அந்தக் கை அசைந்திருந்தால் என்று கொச்சிக்கடையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

பின்னர் வந்த நாட்களில் தகவலுக்குக் குறைவே இல்லை. இறந்தோர் தொகை 359 என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஒரே நாளில் ஏறத்தாழ நூறு குறைக்கப்பட்டு 253 ஆயிற்று. தேடப்படுவோரின் படங்களில், சம்பந்தமே இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படத்தையும் பொலிஸார் வெளியிட்டு, மன்னிப்புக் கோரினர். உத்தியோகபூர்வ வாய்களின் நிலையே இதுவென்றால், அக்கா நஞ்சை நம்பியதில் என்ன வியப்பு?

பழங்காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1983 ஜூலை 29 வெள்ளிக்கிழமை, கொழும்புக்குள் புலிகள் புகுந்துவிட்டனர் என்ற ஒற்றை வதந்தி, தணியத் தொடங்கியிருந்த வன்முறையை மீண்டும் மூட்டித் தமிழர் உயிர்களைக் குடித்தது. அன்று எவரிடமும் கைத்தொலைபேசி இருக்கவில்லை. வதந்திக்கு வாய் போதும். யுத்த காலத்தில் தணிக்கையும் இருந்தது. பத்திரிகையின் வெற்றிடங்களை வாசகர் தம் அச்சத்தால் நிரப்பிக்கொண்டனர்.

ஆனால் அக்காலத்துச் செய்திக்கு ஒரு முடிவு இருந்தது. பி.பி.சி. தமிழோசை இரவில் அரை மணி நேரம். அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுபோனது. எங்கள் ஒழுங்கையில் அது நான்கைந்து வீடுகளிலிருந்து ஒரே குரலாகக் கேட்கும். முடிந்ததும் வானொலியை அணைத்துவிட்டு, ஆண்கள் வாசலுக்கு வருவார்கள். கேட்டதைப் பற்றிப் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், "அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னான்" என்று திருத்துவார்கள். செய்தி அரை மணி நேரம், அதைச் செரித்துக்கொள்ள ஒரு மணி நேரம். பத்திரிகைக்கும் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதை மடித்து வைத்தபின் மனிதன் வேறு வேலை பார்க்கலாம். இன்று கையிலிருக்கும் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. (கடைசிப் பக்கத்தை நிரப்ப நாங்கள் பட்ட பாட்டை வேறொரு நாள் எழுதுகிறேன்.)

அரசாங்கங்கள் இதற்குக் கண்ட மருந்து கதவை மூடுவது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது மூடினார்கள், 2019இல் மூடினார்கள், 2022 ஏப்ரலில், மக்கள் வீதிக்கு வரவிருந்த நாளில் மூடினார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. வதந்தியை அடக்கவென்று வரும் அதிகாரம் முதலில் அடக்குவது கேள்வியை என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதை நான் ஏற்கவில்லை.

நானோ எளிய ஒழுங்கொன்றை வைத்திருக்கிறேன். செய்தி காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. குடும்பக் குழுக்களின் மணியை அணைத்துவிட்டேன். எந்தத் தகவலாயினும் எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற மூன்றும் இல்லையெனில் யாருக்கும் அனுப்புவதில்லை. புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தேன்: எங்கள் தெருவைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டால், முதலில் தெருவிலிருப்பவரிடம் கேளுங்கள். அக்கா கோபித்துக்கொண்டார். "அக்கறையிலைதானே அனுப்பிறன்" என்றார். உண்மை. வதந்தியில் பாதி அக்கறையின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

இந்த ஒழுங்கிலும் ஓட்டை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கையை அக்கா எனக்கு அனுப்பியிருந்தார். இம்முறை அது முழு உண்மை. திணைக்களத்தின் பெயரும் நேரமும் இடங்களும் இருந்தன. அன்று வந்த எண்ணற்ற செய்திகளுக்குள், திறக்கப்படாமல், அது கிடந்தது. கண்டதும் பதறி வெல்லம்பிட்டியில் இருக்கும் மைத்துனனுக்கு அழைத்தேன். அவர்கள் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னரே பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிட்டாராம்.