துண்டு கட்டினால் தூசி நிற்காது

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமெல்லாம் தை பிறப்பதற்கு முன்னாடியே வீடுகளில் பிறப்பது தூசி! பொங்கலுக்கு வெள்ளையடித்தால் போதும் என்ற காலம் போய், "இந்த வருஷம் தரையையும் மாத்திடலாம்" என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டால், டைல்ஸ் ஒட்ட ஒரு கூலி, பழைய தரையை உடைக்க ஒரு கூலி, இடிசலை அள்ளிக்கொண்டு போக டிராக்டருக்கு ஒரு வாடகை என்று தனித்தனியாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்.

"உடைக்கிறதுதானே... நாமளே உடைச்சிட்டா போச்சு!"

இந்த 'போச்சு'வில் என்னவெல்லாம் போகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொந்த வீட்டுத் தரையைச் சொந்தக் கையால் உடைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. "படிச்ச பையன் கடப்பாரை பிடிக்கிறதா?" என்று சிரிப்பவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். உடல் உழைப்பைக் கேவலமாக நினைக்கும் வியாதி நம் ஊரில் எந்த டாக்டருக்கும் அடங்காத வியாதி. ஆகவே உடைப்பவர் யார் என்பதில் சண்டை இல்லை. எப்படி உடைக்கிறார் என்பதில்தான் சண்டை.

வழக்கமாக நடப்பது இதுதான். வாடகைக்கு ஒரு கட்டர் மெஷின் வருகிறது. ஜன்னலைச் சாத்துகிறார்கள் (பக்கத்து வீட்டுக்குத் தூசி போகக்கூடாதாம், என்ன ஒரு நல்ல மனசு!). முகத்தில் ஒரு துண்டு. அரை மணி நேரத்தில் எதிரே நிற்பவர் யார் என்றே தெரியவில்லை. வேலை முடிந்ததும் வீட்டம்மா விளக்குமாறு எடுத்துக் காய்ந்த தூசியைக் கூட்டுகிறார். அடங்கியதெல்லாம் மறுபடி கிளம்புகிறது. அந்த ரூமிலேயே ராத்திரி குழந்தைகளுக்குப் பாய் விரிக்கிறார்கள்.

சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை, மொசைக், டைல்ஸ் என எல்லாவற்றுக்குள்ளும் மணல் அல்லது கல்பொடி இருக்கிறது. மணலில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் போட்ட தரை என்றால் பாறையை அரைத்த தூள். அதிலும் இதே கதைதான். தரையாகக் கிடக்கிற வரைக்கும் சிலிக்கா யாரையும் ஒன்றும் செய்யாது. அரைத்துப் பொடியாக்கும்போதுதான் வினை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடி வரைக்கும் போகிற தூசி 4 மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கில் சளியாக வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துண்டின் நூலிழைகளுக்கு நடுவில் இருக்கும் ஓட்டை அதற்குத் திறந்து வைத்த கதவு மாதிரி.

உள்ளே போன சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்குகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டுக்கும் இருமல், மூச்சிரைப்பு, உடம்பு இளைப்பது என்று அறிகுறிகள் ஒத்துப்போவதால் ஒன்றை மற்றொன்று என்று நினைத்து வைத்தியம் பார்ப்பதும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். "எங்க மாமா பத்து வருஷம் முன்னாடி அவரே உடைச்சார். இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கார்!"

உண்மைதான். வாழ்க்கையில் ஒரு தடவை, இரண்டு நாள் உடைத்தவருக்கு சிலிக்கோசிஸ் வரும் வாய்ப்பு குறைவு. பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த நியாயம் மாமாவோடு முடிந்துவிடுகிறது. இன்று இந்த வீடு, நாளை அடுத்த தெரு, அடுத்த மாதம் பெங்களூரு என்று வருஷம் முழுக்க உடைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆளுக்கு இது பொருந்துமா? தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்பது அந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு வீட்டுத் தூசியும் முந்தின வீட்டுத் தூசியின் மேல் போய்ப் படிகிறது.

ஆகவே "நமக்கெதுக்கு வம்பு, ஆளை விட்டு உடைச்சுக்கலாம்" என்பதும் தீர்வு இல்லை. அது தூசியைக் குறைக்கவில்லை. காசு கொடுத்து இன்னொருவர் நுரையீரலுக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையைத் தன் வரம்புக்கு வெளியிலேயே வைத்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 50 லட்சம் ஆக்கியது. ஒரு ஹால், இரண்டு ரூம் தரை மாற்றுவது இதற்குள் எங்கே வரும்? அந்த வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்காரர்தான். அவரோ டீ வாங்கப் போயிருக்கிறார்.

1930-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. தண்ணீர் விட்டுத் துளை போட்டால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று காய்ந்த பாறையிலேயே துளை போட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். 1936-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. இத்தனை வருஷம் கழித்தும் நம் தெருவில் அதே வாக்கியம் கேட்கிறது: "தண்ணி ஊத்தினா சேறாகும்ங்க, வேலை லேட்டாகும்."

சரி, என்னதான் செய்வது?

முதல் கேள்வி, உடைத்தே ஆக வேண்டுமா? பழைய தரை நாலு இடத்தில் தட்டினால் கணீர் என்று சத்தம் வந்து, இறங்காமல், ஈரம் ஏறாமல் இருந்தால் அதன் மேலேயே டைல் ஒட்டலாம். அதற்கென்றே ஒட்டும் பசை கடைகளில் கிடைக்கிறது. தரை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். கதவின் அடியைக் கொஞ்சம் இழைக்க வேண்டிவரும். உடைக்கும் கூலி, டிராக்டர் வாடகை, தூசி மூன்றும் மிச்சம். நல்ல ரெட் ஆக்சைடு தரை என்றால் அதைக்கூடச் செய்யத் தேவையில்லை. தேய்த்து மெழுகு போட்டால் போதும். "டைல்ஸ் இல்லாட்டி சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்பதற்காக உடைக்கப்படும் தரைகள்தான் எத்தனை!

பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, தரை இறங்கியிருந்தாலோ உடைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது:

1. முந்தின நாள் ராத்திரியே தரையில் தண்ணீர் விட்டு ஊற வைப்பது. உடைக்கும்போதும் தெளித்துக்கொண்டே இருப்பது.
2. கூடுமானவரை சுத்தி, உளி, கடப்பாரை. கட்டர்தான் அதிகம் தூள் கிளப்பும். தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து வேறு.
3. பலகைக்கல், கடப்பாக் கல் பாவிய தரையை உடைக்கவே வேண்டாம். கடப்பாரையால் நெம்பி முழுசாக எடுத்தால் வாசலுக்கோ துவைக்கிற இடத்துக்கோ ஆகும்.
4. என்-95 முகமூடி. 2020-க்குப் பிறகு அது என்னவென்று தெரியாதவர் யாரும் இல்லை. முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.
5. ஜன்னலைத் திறந்து வைப்பது. காய்ந்த தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. குழந்தைகளும் வயதானவர்களும் அன்றைக்கு வேறு வீட்டில்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒன்று. அங்கே தரையைப் பெயர்க்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் பற்றி எச்சரிப்பார்கள். அங்கத்திய பழைய வினைல் டைல்களில் அது கலந்திருந்தது. இங்கே ஆஸ்பெஸ்டாஸ் பெரும்பாலும் காலுக்குக் கீழே இல்லை, தலைக்கு மேலே ஷீட்டாக இருக்கிறது. தரையோடு சேர்த்து "அந்த ஷீட்டையும் உடைச்சுப் போட்டுடலாம்" என்றால் இன்னொரு வினை. நனைத்து, உடையாமல் இறக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு நாலு முகமூடி, நாலு குடம் தண்ணீர், கூடுதலாக ஒரு நாள். புதுத் தரையின் ஒரு பெட்டி டைல்ஸ் விலைகூட வராது. ஆளை விட்டுச் செய்தாலும் இந்த முகமூடியை வாங்கிக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்தான். "அவங்க போட மாட்டாங்க சார்" என்பது சாக்கு. வாங்கி வைத்து, தண்ணீரும் பிடித்து வைத்து, அந்த ஒரு நாள் கூடுதல் கூலியையும் கொடுத்த பிறகு வேண்டுமானால் அதைச் சொல்லட்டும்.

பொங்கலன்று புதுத் தரையில் கோலம் போடும்போது முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். அதே நேரத்தில் அதை உடைத்துக் கொடுத்த ஆள் அடுத்த வீட்டில் இருமிக்கொண்டிருந்தால், அந்தப் பளபளப்பில் என்ன பெருமை இருக்கிறது?