பெண்ணுக்குக் காவலா, வழிக்குக் காவலா?

பண்டிதத் தேர்வுக்குப் படிப்போருக்காக எங்கள் பாடசாலையில் மாலை வகுப்பு ஒன்று நடைபெறுகின்றது. பகலெல்லாம் தொழில் செய்துவிட்டு வருவோரே அதில் மிகுதி. அவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். வகுப்பு நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். மார்கழியில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் ஆதலின், பெண்பிள்ளைகள் ஐந்தரை மணிக்கே வீடு செல்லலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு விதி செய்தேன். அதனை என் பரிவின் அடையாளமாகவே எண்ணியிருந்தேன். பெற்றோரும் பாராட்டினர்.

சென்ற தவணை விடைத்தாள்களைத் திருத்தியபோது ஓர் உண்மை புலனாயிற்று. எழுத்திலும் சொல்லிலும் முன்னின்ற பெண்பிள்ளைகள் யாப்பிலே பெரிதும் பின்தங்கியிருந்தனர். காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. யாப்பினை நான் கற்பித்தது ஐந்தரை மணிக்குப் பின்னரே! அதுபற்றி ஒரு மாணவியிடம் வினவியபோது அவள் சொன்னாள்: “இருளுக்கு நாங்கள் அஞ்சவில்லை, ஐயா. ஒழுங்கைக்குத்தான் அஞ்சுகிறோம்.”

இச்சிறு விடை என்னைப் பலநாள் உறங்கவிடவில்லை. இருளை அகற்ற மனிதரால் ஆகாது. ஒழுங்கையைத் திருத்துதல் ஆகும். ஆகின்றதைச் செய்யாது விட்டு, பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதையே காவல் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றோம். காக்கப்பட வேண்டியது பெண்ணன்று, வழியே என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

“பெண் பொழுதுபட வெளியே போகாமை நம் முன்னோர் மரபன்றோ?” என வினவுவாருளர். முன்னோர் நூல்களையே சற்று நோக்குவோம். குறிஞ்சித் திணையில் இரவுக்குறி என்றொரு நிகழ்ச்சி உண்டு. தலைவன் யானையும் புலியும் திரியும் மலைவழியே நள்ளிரவில் வருவான். அவன் வரும் வழியின் கொடுமையை எண்ணித் தலைவி நடுங்குவாள். அதனை ‘ஆறுபார்த்துற்ற அச்சம்’ எனத் துறையாக வகுத்தனர் அகப்பொருள் நூலார். ஆறு என்பது வழி. அன்று பெண் வீட்டிலிருந்து ஆணுக்காக அஞ்சினாள். அஞ்சியது காட்டு விலங்கினை. இன்றோ, படலையடியில் நின்று தெருவைப் பார்த்திருக்கும் தாய் தன் மகளுக்காக அஞ்சுகின்றாள், அஞ்சுவது மனிதரை. காடு நாடாகிப் பல நூற்றாண்டுகள் கழிந்தும் அச்சம் தீரவில்லை. அஞ்சப்படும் பொருள் மட்டுமே மாறியிருக்கின்றது.

சிலப்பதிகாரத்தைக் காண்க. மதுரைக்குச் செல்லும் வழியில், கண்ணகியின் அடிகள் பகல் வெம்மையைத் தாங்கா என்று கண்டு, இரவிலே நடப்போம் என்கின்றான் கோவலன். பாண்டியன் ஆளும் நாட்டிலே கரடியும் புலியும் பாம்பும் முதலையும் வழிச்செல்வோரை வருத்தா என்பது அவன் கூறும் காரணம். நிலவொளியில் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்து செல்கின்றனர். இதனை உயர்வு நவிற்சி என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இளங்கோவடிகள் நாட்டிய அளவுகோல் யாது என்பதை நோக்குதல் வேண்டும். இரவில் ஒருத்தி நடந்துசெல்லக் கூடுமாயின் அது செங்கோல். கூடாதாயின் பழி அரசனுக்கேயன்றி அவளுக்கன்று.

அந்நூலிலேயே கீரந்தை மனைவியின் கதையும் வருகின்றது. அரசனது காவலே வேலியென்று சொல்லிக் கணவன் அவளை விட்டுச் சென்றான். ஒருநாள் இரவு கதவு தட்டப்படும் ஓசை கேட்டு, அந்த வேலி இன்று காவாதோ என்று அவள் வினவினாள். தட்டியவன் பாண்டியனே. அச்சொல் செவியில் விழுந்ததும் நாணிய அவன் தன் கையையே வெட்டிக்கொண்டான். “தனித்திருந்த உன்மீதே பிழை” என்று அவன் கூறவில்லை. தன் கையின் பிழையையே கண்டான். அதே நூலில் அதே பாண்டிய மரபு பின்னர் நீதி தவறியதும், மதுரை எரியுண்டதும் யாமறிவோம். அளவுகோல் சரியாய் இருந்தமையினாலன்றோ அத்தவறு தவறெனப்பட்டது!

இக்காலத்துச் செய்திகளுக்கு வருவோம். 1977 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கொலைஞன் பெண்களை அடுத்தடுத்துக் கொன்றபோது, இரவில் வெளியே செல்லவேண்டாம் என்று பெண்களுக்கே அறிவுரை கூறப்பட்டது. குற்றம் செய்பவன் ஆணாயிருக்க அடைபடுவது பெண்ணா எனச் சினந்து, அவ்வாண்டு நவம்பர் 12 ஆம் நாள் லீட்ஸ் முதலிய நகரங்களிலே பெண்கள் இரவு வீதிகளில் அணிவகுத்து நடந்தனர். 2012 டிசம்பர் 16 இரவு டில்லியில் ஒரு மாணவி ஆண் துணையோடுதான் பஸ்ஸில் ஏறினாள். துணை அவளைக் காக்கவில்லை. 2021 மார்ச் 3 ஆம் நாள் இலண்டனில் ஒருத்தி இரவு ஒன்பது மணியளவில் பெருந்தெரு வழியே வீடு நோக்கி நடந்தாள். அவளைக் கடத்திக் கொன்றவன் பொலிஸ் சேவையில் இருந்தவனே. வேலியே அங்குப் பயிரை மேய்ந்தது. பாண்டியனது கை நினைவுக்கு வருகின்றதன்றோ?

பிறநாட்டுக் கதை நமக்கு வேண்டா எனின், நம் நாட்டை நோக்குவோம். 2011 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி கிழக்கிலும் வடக்கிலும் மலையகத்திலும் பரவியபோது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னரே கதவுகள் அடைபட்டன. 2015 வைகாசியில் புங்குடுதீவில் ஒரு மாணவி கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டாள். அவள் சென்றது இரவிலா? அன்று, காலை வேளையில், பள்ளிச் சீருடையோடு, பள்ளிக்கூடத்துக்கு. 2017 இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. பொழுதோடு வீடு திரும்பினால் தீங்கில்லை என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்? நேரமும் உடையும் துணையும் பற்றிய நம் விதிகள் யாவும் ஒரு பெண் எதைச் செய்யாதிருக்கவேண்டும் என்றே கூறுகின்றன. குற்றம் செய்பவனை நோக்கி அவற்றுள் ஒன்றேனும் பேசுகின்றதா?

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்வொன்று, பஸ்ஸிலும் புகையிரதத்திலும் ஒருமுறையேனும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 100க்கு 90 பேர் என்றும், அவருள் பொலிஸில் முறையிட்டோர் 100க்கு 4 பேரே என்றும் கண்டது. சட்டம் இல்லாமலில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, சொல்லாலோ செயலாலோ இத்தொல்லை புரிவோரை ஐந்தாண்டு வரை சிறையிடக் கூடியது. முறையிடச் சென்றால் “அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?” என்னும் வினா முதலில் எழும் என்று பெண்கள் அறிவர். அவ்வினாவைக் கேட்போர் பொலிஸார் மட்டுமல்லர். தந்தையும் கேட்பான், தமையனும் கேட்பான், உண்மை சொல்வதாயின் நானும் கேட்டிருக்கின்றேன்.

இருளில் பெண்கள் அச்சமின்றி நடத்தல் இம்மண்ணில் இயலாத காரியமோ எனின், அன்று. நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாளும் விடியற்கு முன்னரே பெண்கள் வீடுகளிலிருந்து புறப்பட்டுக் கோயிலை நோக்கி நடக்கின்றனர். கிழவியரும் நடக்கின்றனர், கன்னியரும் நடக்கின்றனர். வீதிகளில் விளக்கு எரிகின்றது, கடைகள் திறந்திருக்கின்றன, தொண்டர் நிற்கின்றனர், எங்கும் ஆட்கள். இருள் அதே இருள்தான். வழி மட்டும் காக்கப்பட்டிருக்கின்றது. 25 நாள் இயன்றது எஞ்சிய 340 நாளும் இயலாதது ஏன்? திருவெம்பாவைப் பெண்களும் வைகறை இருளிலே தெருவில் இறங்கி, உறங்கும் தோழியரை வாயில்தோறும் எழுப்பிச் செல்பவர்களே. அப்பாட்டை மார்கழிதோறும் நம் பெண்பிள்ளைகளைக் கொண்டு ஓதுவித்து மகிழ்கின்றோம். அப்பெண்கள் நடந்த வைகறைத் தெருவை மட்டும் அவர்களுக்கு மறுக்கின்றோம்.

இது வெறும் உலாவுதல் பற்றிய பேச்சன்று. நீரிழிவுக்கு நாள்தோறும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்ல, வேலை முடிந்து ஆறு மணிக்குப் பின்னரே ஓய்வு பெறும் பெண் எங்கே நடப்பாள்? மாகாணப் போட்டிக்கு ஓடிப் பழகும் மாணவி, ரியூசன் முடிந்தபின் எந்த வீதியில் ஓடுவாள்? இரவுக் கடமை முடித்துவரும் தாதி எவ்வழியே வருவாள்? இரவை இழந்தவள் நாளின் பாதியை இழக்கின்றாள். என் மாணவியர் இழந்தது யாப்பு. பிறர் இழப்பது உடல்நலமும் ஊதியமும் பரிசும்.

“அறிவுரைப்படி நடந்தால் இன்றைக்காயினும் தப்பலாமே, ஊர் திருந்தும்வரை பெண் பலியாவதா?” என்பார் கூற்றில் நியாயம் உண்டு. எனக்கும் மகள் உண்டு. அவள் வரச் சுணங்கினால் என் நெஞ்சும் பதைக்கும். எச்சரிக்கை வேண்டாமென்று யான் கூறவில்லை. எச்சரிக்கையோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுதலையே குற்றம் என்கின்றேன். அணைந்த தெருவிளக்கைப் பிரதேச சபைக்கு அறிவித்தல், பற்றை மண்டிய வெறுங்காணிகளைத் துப்புரவு செய்வித்தல், கடைசி பஸ் நேரத்துக்கு ஓடுகின்றதா என்று கேட்டல் ஆகிய இவை பெரிய காரியங்கள் அல்ல. இவற்றினும் அரியது ஒன்றுண்டு. அது நம் ஆண்பிள்ளைகளைப் பற்றியது.

அம்மாணவியிடம் மேலும் வினவினேன். ஒழுங்கை முகப்பிலுள்ள மதவில் மாலைதோறும் இளைஞர் சிலர் இருப்பர். கடந்து செல்லும்போது சொற்களை எறிவர். சிலவேளை மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வர் என்றாள். யார் எவர் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “அவர்களில் இரண்டுபேர் உங்களிடம் படித்தவர்கள், ஐயா” என்றாள்.

அறத்துப்பாலை அவ்விருவருக்கும் கற்பித்தவன் யானே. பொருள் சொன்னேன், பதவுரை எழுதுவித்தேன், புள்ளியும் இட்டேன். தெருவில் செல்லும் பெண் தன் வேலையைப் பார்த்துச் செல்லும் ஒரு மனிதப்பிறவி என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்றிருந்தேன். விளங்கவில்லை.

இப்பொழுது யாப்பினை நான்கு மணிக்கே நடத்துகின்றேன். மாணவர் யாவரும் ஒப்பமிட்ட மனுவொன்று பிரதேச சபைக்குச் சென்றது. ஒழுங்கையில் அணைந்திருந்த மூன்று விளக்குகளுள் இரண்டு எரிகின்றன. மதவடிக்கு ஒருநாள் நானே சென்று அவ்விருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசினேன். தலைகுனிந்து நின்றனர். அவர்களினும் மிகுதியாக நாணி நின்றவன் யானே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலிருந்து பொழுதோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் இழக்கும் பாடம் எது என்று கணக்கெடுங்கள். பின்னர், அவர்களை அஞ்சச் செய்வோர் எவரிடம் படித்தவர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். வழிக்காவல் அங்கே தொடங்குகின்றது.