நின்றுபோன படச்சுருள்

‘புகைப்படம்’ என்னும் சொல்லைத் தமிழாசிரியர் பலரும் ஏற்பதில்லை. புகைக்கும் படத்துக்கும் என்ன உறவு என்று கேட்டு, நிழற்படம் என்றும் ஒளிப்படம் என்றும் திருத்துவோம். மாணவர் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடும் இடுவோம். சொல்லுக்காக இத்துணை வழக்காடிய நாம், அப்படம் எதன்மீது பதிந்தது, அதனை யார் செய்தனர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஏரலில் நம் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு கோடாக் பிரவுனிப் பெட்டிக் கேமரா.

நம் பாட்டனார் கொழும்பில் வணிகம் செய்த நாளில் வாங்கி வந்தது அது. “வாப்பா, இதுல இப்ப படம் எடுக்க முடியுமா?” என்று மகள் கேட்டாள். எடுக்கலாம் என்றுதான் விடையிறுத்தோம். பின்னரே தெரிந்தது, அக்கேமரா ஏற்கும் 620 என்னும் சுருளைக் கோடாக் நிறுவனம் 1995-இலேயே நிறுத்திவிட்டது என்பது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றும் கிடைக்கும் 120 சுருளும் 620 சுருளும் பிலிமளவில் ஒன்றே. அதனைச் சுற்றும் ஸ்பூல்தான் வேறு. 620-க்குரியது மெலிந்த தண்டும் சிறிய விளிம்பும் உடையது. ஆதலின் 120 சுருளை வாங்கி, முழு இருட்டில், பழைய 620 ஸ்பூல் ஒன்றில் சுற்றி, அதிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். பிலிமைத் தாளோடு பிணைத்த ஒட்டினை இடையில் பிரித்து மீண்டும் ஒட்டாவிடில் அவ்விடம் புடைத்துக்கொள்ளும். சன்னலுக்குக் கம்பளி கட்டி, இரவில் அமர்ந்து, விரல் நுனியையே கண்ணாக்கிச் செய்தோம். முதற்சுருள் முழுவதும் ஒளிபட்டுக் கெட்டது. இரண்டாவதில் எட்டுக்கு ஐந்து தேறின.

உருளையை மாற்றுவதற்கே இப்பாடெனின், பிலிமையே புதிதாகச் செய்வது எத்தகையது? மெல்லிய அசிட்டேட் தாளின்மீது, ஊன்பசையில் கலந்த வெள்ளி உப்பைத் தலைமயிரினும் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். தூசும் ஒளியும் அணுகலாகாது. பூசும் எந்திரமோ பேருருக் கொண்டது. ஒருமுறை ஓடத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான மீட்டரில்தான் பேசும். உலகெங்கும் சில நூறு பேர் கேட்கிறார்கள் என்பதற்காக அது சிறிதளவு ஓடி நின்றுவிடாது. பின்தாள் கூட எளிய பொருளன்று. 2016-ஆம் ஆண்டளவில் கோடாக்கின் 120 சுருள்கள் சிலவற்றில், தாளில் அச்சிட்ட எண்கள் எடுத்த படத்தின்மீதே பதிந்துபோயின. நூறாண்டுக்கு மேல் அத்தொழிலில் பழுத்த நிறுவனத்துக்கே நேர்ந்தது இது.

போலராய்டு நிறுவனம் 2008-இல் தன் உடனடிப் படச்சுருளைக் கைவிட்டபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த ஆலையைச் சிலர் காப்பாற்றினர். எந்திரங்கள் இருந்தன; அவற்றை இயக்கிய பழைய ஊழியர் சிலரும் உடனிருந்தனர். ஆயினும் தேவையான வேதிப்பொருள்கள் பல உலகில் எவராலும் செய்யப்படாமற் போயிருந்தமையால், கலவையைப் புதிதாகவே கண்டறிய வேண்டியதாயிற்று. 2010-இல் வெளிவந்த அவர்தம் முதற்சுருள்கள் நிறம் திரிந்தும் மங்கியும் இருந்தன. எந்திரமும் ஆளும் எஞ்சியிருந்த இடத்திலேயே இந்நிலை.

நம் நாட்டுக் கதையைக் கூறுவோம். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960-இல் அமைந்தது. பிரான்சு நாட்டு பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 1967-இல் உற்பத்தி தொடங்கிற்று. குளிர்ந்த, தூசு குறைந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு ஏற்றது. ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும், திரைப்படச் சுருளும், எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. எலும்பு முறிந்தோரும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோரும் அவ்வாலையை அறியாமலே அதனால் பயனுற்றனர். வண்ணமும் இறக்குமதியும் பெருகின, கடன் ஏறியது, 1996-இல் நலிவுற்ற நிறுவனமென அறிவிக்கப்பட்டது. 2014-இல் ஊழியர்க்கு விருப்ப ஓய்வளிக்க நடுவணரசு இசைந்தது. பின்னர் கதவு சாத்தப்பட்டது.

ஆலையை மீண்டும் திறக்கக் கோரும் பேதைமை நமக்கில்லை. வாங்குவோரில்லாப் பொருளை அரசு செய்து குவிப்பது அறமாகாது. நம் மனக்குறை வேறு. கும்மிருட்டில் கைத்தடவலாலேயே பிலிமின் நலந்தீது அறிந்த தொழிலாளர் அங்கு வாழ்நாளைக் கழித்தனர். அவர்கள் தம்முள் வழங்கிய தொழிற்சொற்கள் எத்தனை! அவற்றைத் தொகுக்கத் தமிழ்த்துறைகள் முனைந்தனவா? மீனவர் சொல், குயவர் சொல், உப்பளச் சொல் என ஆய்வேடுகள் எழுதுகின்றோம். ஆலைக்குள் பிறந்த தமிழ் நம் கண்ணிற்படவில்லை. நம் எம்.பில். பட்டமும் அவ்வழியில் வந்ததன்று என்பதை ஒப்புகின்றோம். அத்தொழிலாளர் பலர் முதுமையெய்திவிட்டனர். காலம் மிகக் குறுகியது.

பழங்கதை நமக்கெதற்கு என்பார்க்கு 2023 டிசம்பரை நினைவூட்டுவோம். 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்து ஏரலுள் புகுந்தது. ஆற்றுப்பாலம் சேதமுற்று ஊர் துண்டிக்கப்பட்டது. வீடுகளில் ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. கைப்பேசிகள் நீரில் மாண்டன. அவற்றோடு படங்களும் போயின. நம் வீட்டில் பிஸ்கட் டின் ஒன்றிலிருந்த நெகட்டிவுகளை நல்ல நீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, உம்மா துணி உலர்த்தும் கொடியில் கவ்வி மாட்டித் தொங்கவிட்டோம். பெரும்பாலானவை பிழைத்தன. படமெடுக்கவே தயங்கிய பாட்டனாரின் முகம், பயணத்துக்காக எடுத்த ஒரே படம், அவற்றுள் ஒன்று.

நம் மாணவர் சிலரை உதகைக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். ஏரலிலும் தூத்துக்குடியிலும் மூடிக்கிடக்கும் ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளைக் கல்லூரி நூலகத்துக்குத் தருவோர் இருப்பின் நாமே நேரில் வந்து பெற்றுக்கொள்வோம். மகளோ அடுத்த சுருளுக்கு நாள் குறித்துவிட்டாள். இரண்டு 620 ஸ்பூல்களில் ஒன்று விளிம்பில் வளைந்திருக்கின்றது. அதனை நிமிர்த்தத் தக்க கைவினைஞரை ஏரல் பாத்திரக் கடைத்தெருவில் தேடிக்கொண்டிருக்கின்றோம்.